போர்க்கால அடிப்படையில் ஒரு வசவு

மேடவாக்கம் கூட்டு ரோட்டில் ஒரு பள்ளத்துக்கு ஒதுங்கப்போய் ஒரு பைக்கும் ஆட்டோவும் உரசிக்கொள்கின்றன. அவமானப்படுவது யார்? பள்ளம் தோண்டியவர் அல்ல. தோண்டிவிட்டு மூடாமல் போனவரும் அல்ல. ஆட்டோக்காரரின் அம்மா. அந்த அம்மா செய்யூர் பக்கம் எங்கோ வீட்டில் சீரியல் பார்த்துக்கொண்டிருப்பார். பதிலடியில் பைக்காரரின் அக்காவும் மாட்டிக்கொள்கிறார். சண்டை இரண்டு ஆண்களுக்கு. வசவு மொத்தமும் பெண்களுக்கு.

பெண் இல்லையென்றால் சாதி. இந்த இரண்டையும் கழித்துவிட்டால் நம் ஆட்களுக்குத் திட்டவே தெரியாது. இவ்வளவு வளமான வசவு மொழியில் கான்ட்ராக்டருக்கென்று ஒரு சொல் உண்டா? இன்ஜினியருக்கு? வார்டு பக்கமே எட்டிப் பார்க்காதவருக்கு? கிடையாது. அவர்களுடைய அம்மாக்கள் நிம்மதியாக இருக்கிறார்கள்.

பாதி நேரம் வசவில் கோபமும் இல்லை. டீக்கடையில் காலேஜ் பையன்கள் பேசுவதைக் கேளுங்கள். முன்னால் ஒரு 'மச்சி', பின்னால் 'அந்தச் சொல்', நடுவில் கொஞ்சம் விஷயம். அர்த்தம் தேய்ந்து வெறும் கமாவாகிவிட்டது. அதே கமாவை இன்ஸ்பெக்டர் எதிரில் போட்டால்தான் அதற்கு அர்த்தம் திரும்பி வரும்.

சட்டமும் இருக்கிறது. பொது இடத்தில் ஆபாசமாகப் பேசினால் மூன்று மாதம் வரை சிறை. 2024 ஜூன் வரை இந்திய தண்டனைச் சட்டம் 294(பி). 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா 296. தமிழ்நாட்டில் தெருச்சண்டை எஃப்ஐஆர் பார்த்தவர்களுக்கு பழைய கூட்டணி மனப்பாடம்: 294(பி), 323 (அடிதடி), 506 (மிரட்டல்). யாரும் வாயைத் திறக்காவிட்டாலும் 294(பி) உட்கார்ந்துகொண்டிருந்தது. கெட்ட வார்த்தைக்கு எதிரான பிரிவே இட்டு நிரப்பும் பிரிவாகிவிட்டது. வெறும் திட்டு ஆபாசமாகாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. அது போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் மேசைக்கு வந்து சேரவில்லை போலிருக்கிறது.

அரசாங்கமும் இட்டு நிரப்புகிறது. 'ஆவன செய்யப்படும்.' 'பரிசீலனையில் உள்ளது.' 'விரைவில்.' இவற்றில் என்னைக் கொதிக்க வைப்பது 'போர்க்கால அடிப்படையில்'. எந்தப் போர்? எதிரி யார்? மழைநீர் வடிகால் வேலை நடக்கிற வேகத்தில் போர் நடத்தியிருந்தால் எதிரி வந்து, ஆண்டு, ஓய்வூதியமும் வாங்கிப் போயிருப்பான்.

மேடவாக்கத்துக்காரருக்கு இது இரட்டைத் தண்டனை. தபாலுக்கு அவர் சென்னை 600100. மாவட்டத்துக்குச் செங்கல்பட்டு. போலீஸுக்குத் தாம்பரம் ஆணையரகம். குப்பைக்கு ஊராட்சி. ஆம், அடுக்குமாடிகள் வானத்தை மறைக்கிற இந்த இடம் காகிதத்தில் கிராமம். தலைக்கு மேல் 2.03 கிலோமீட்டர் மேம்பாலம் போகிற கிராமம். நடுவில் மாதவரம்–சோழிங்கநல்லூர் மெட்ரோவின் தூண்கள் வேறு. தெருவில் சாக்கடை பொங்கினால் யாரைக் கேட்பது? ஊராட்சி நெடுஞ்சாலைத் துறையைக் காட்டும். நெடுஞ்சாலை மெட்ரோவைக் காட்டும். மெட்ரோ 'பணிகள் நடைபெறுகின்றன' என்று போர்டைக் காட்டும். மனு போட்டால் பதில் நிச்சயம்: 'உரிய துறைக்கு அனுப்பப்பட்டு, மனு முடித்துவைக்கப்பட்டது.' மனுவை மூடுவதில் இவர்களுக்கு இருக்கிற சுறுசுறுப்பு!

அப்போது ஒரு மனிதன் வாயிலிருந்து ஒரு சொல் வருகிறது. நாகரிகமில்லை என்கிறீர்கள். சரி. அரை மணி நேரம் நின்று, முழங்கால் தண்ணீரில் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்து, 'விரைவில்' என்று கேட்பது மட்டும் நாகரிகமா? இரண்டில் எது ஆபாசம்?

டில்லிக்கு இதில் தெளிவு இருக்கிறது. 2022 ஜூலையில் மக்களவைச் செயலகம் அவைக்கு ஒவ்வாத சொற்களின் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. 'ஊழல்', 'வெட்கம்', 'நாடகம்', 'துரோகம்', 'திறமையற்ற', 'பாசாங்கு' எல்லாவற்றின் ஆங்கிலச் சொற்களுக்கும் அதில் இடம் கிடைத்தது. எதற்கும் தடையில்லை, ஏற்கெனவே நீக்கிய சொற்களின் பட்டியல்தான் என்று சபாநாயகர் விளக்கினார். நல்லது. ஊழலை அவைக் குறிப்பிலிருந்து நீக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு வேலைதான் இந்த நாட்டில் உண்மையாகவே போர்க்கால அடிப்படையில் நடக்கிறது.