பித்தக் குழாயில் காயம் பட்டால்?

விருதுநகர் வாசகர்: பித்தப்பையில் கல். லேப்ராஸ்கோப்பி செய்தால் இரண்டே நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம் என்கிறார்கள். தைரியமாகச் செய்துகொள்ளலாமா?

செய்துகொள்ளுங்கள். ஆயிரம் பேருக்குச் செய்தால் மூன்று முதல் ஐந்து பேருக்குப் பித்தக் குழாயில் காயம் படுகிறது. வயிற்றைத் திறந்து செய்த காலத்தில் இது ஒன்றோ இரண்டோதான். அந்தச் சிலரில் நீங்கள் ஒருவராக இருந்தால் என்ன செய்வது என்பதை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஈரோடு வாசகி: கைதேர்ந்த சர்ஜனுக்குக்கூட இப்படி நடக்குமா?

நடக்கும். கை தவறுவதைவிடக் கண் ஏமாறுவதுதான் அதிகம். சான் பிரான்சிஸ்கோவில் லாரன்ஸ் வே என்ற அறுவை மருத்துவரின் குழு, 252 காயங்களை அலசி 2003-ல் முடிவை வெளியிட்டது. அவற்றில் 97 சதவீதம் பார்வை மயக்கத்தால் வந்தவை. கல்லீரலிலிருந்து குடலுக்குப் போகும் பொதுக் குழாயை, பித்தப்பையின் சின்னக் குழாய் என்றே நம்பி கிளிப் போட்டு வெட்டியிருக்கிறார்கள். பித்தப்பை வீங்கிப் புண்ணாகி எல்லாம் ஒட்டிக் கிடக்கும்போது இந்த மயக்கம் எளிதில் வருகிறது.

இதற்கு ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க் 1995-ல் ஒரு கட்டுப்பாடு சொன்னார். கொழுப்பையும் தழும்பையும் நீக்கி இடத்தைச் சுத்தம் செய். பித்தப்பையின் அடிப்பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரி. பித்தப்பைக்குள் இரண்டே இரண்டு குழாய்கள் போவதைக் கண்ணால் பார். அதற்குப் பிறகே வெட்டு. பார்க்க முடியவில்லையா? பித்தப்பையில் ஒரு பகுதியை விட்டுவிட்டு வெளியே வரலாம், வயிற்றைத் திறந்தும் செய்யலாம். “லேப்ல ஆரம்பிச்சுட்டு வயித்தைக் கிழிச்சுட்டாங்க” என்று குறை சொல்லும் உறவினர்களே, அந்த டாக்டருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள்.

தேனி வாசகர்: அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள். வயிறு உப்பியிருக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை. வாயுதான் என்கிறார்கள் பக்கத்து வீட்டில்.

பக்கத்து வீட்டை விடுங்கள், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ஆபரேஷனுக்காக வயிற்றில் ஏற்றிய வாயுவால் தோள் வலியும் உப்பலும் ஓரிரு நாள் இருக்கலாம். ஆனால் நேற்றைவிட இன்று உடம்பு தேறியிருக்க வேண்டும். அப்படித் தேறவில்லை என்றாலே சந்தேகப்பட வேண்டும். காய்ச்சல், நிற்காத வாந்தி, கண்ணில் மஞ்சள், பால் விடாத டீ நிறத்தில் சிறுநீர், வெளுத்த மலம், வயிற்று நீரை வடிக்க வைத்த டிரெய்ன் குழாயில் பச்சையும் மஞ்சளுமாக நீர், இவற்றில் எது வந்தாலும் அன்றே காட்ட வேண்டும். கல்லீரல் ஒரு நாளில் முக்கால் லிட்டர் அளவுக்குப் பித்தநீர் சுரக்கிறது. அது வயிற்றுக்குள் கசிந்தால் முதல் நாட்களில் காமாலை தெரியாமலே இருக்கலாம். ரத்தப் பரிசோதனை ஏறக்குறைய சரியாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினால், ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தஞ்சாவூர் வாசகி: ஆபரேஷனுக்குப் பிறகு மஞ்சள் காமாலை வந்தால் கீழாநெல்லி கொடுக்கலாமா?

கூடாது. குழாயை நெரித்துக்கொண்டிருக்கும் கிளிப்பை எந்தப் பச்சிலையும் கழற்றாது.

திருப்பூர் வாசகர்: காயம் என்றாலே மறுபடி ஆபரேஷன்தானா?

இல்லை. பித்தப்பைக் குழாயை அடைத்த இடத்தில் மட்டும் கசிவு என்றால், வாய் வழியாக எண்டோஸ்கோப்பை விட்டு, பொதுக் குழாயில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைப்பார்கள். பித்தநீர் குடலுக்குள் சுலபமாக இறங்கிவிடுவதால் கசிவு தானே மூடிக்கொள்ளும். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இதிலேயே தீர்ந்துவிடுகிறது. வயிற்றில் தேங்கியதை ஸ்கேன் பார்த்து மெல்லிய குழாய் போட்டு வடித்துவிடலாம். ஒன்றை மறக்காதீர்கள்: அந்த ஸ்டென்ட்டைச் சில வாரங்களில் எடுத்தாக வேண்டும். வலி இல்லையே என்று விட்டுவிட்டால் அது அடைத்துக்கொண்டு, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். எடுக்க வேண்டிய தேதியைக் காலண்டரில் இன்றே வட்டமிடுங்கள்.

திருநெல்வேலி வாசகர்: என் மைத்துனருக்குப் பொதுக் குழாயே துண்டாகிவிட்டது. “நாளைக்கே திறந்து நானே சரிசெய்துவிடுகிறேன்” என்கிறார் டாக்டர். சம்மதிக்கலாமா?

ஒரே கேள்வி கேளுங்கள்: “இந்த ரிப்பேரை இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?” பதில் இழுத்தால் சம்மதிக்காதீர்கள். அந்தக் குழாய் பென்சிலைவிட மெல்லியது. சிறுகுடலில் ஒரு துண்டை மேலே கொண்டுவந்து, கல்லீரலின் வாசலில் அந்தக் குழாயோடு பொறுமையாகத் தைக்க வேண்டும். முதல் முறை செய்வதே நன்றாக அமைய வேண்டும். ஒவ்வொரு தோல்வியும் குழாயைக் குட்டையாக்கி, தழும்பைக் கூட்டும். நான் மேலே சொன்ன லாரன்ஸ் வே, 1995-ல் சக மருத்துவர் ஒருவரோடு இதையும் கணக்கெடுத்தார். காயப்படுத்திய சர்ஜனே செய்த ரிப்பேரில் வெற்றி 17 சதவீதம். பித்தக் குழாய் நிபுணர்கள் செய்ததில் 94.

ஆபரேஷன் மேஜையிலேயே காயம் தெரிந்து, நிபுணரும் பக்கத்தில் இருந்தால் அப்போதே சரிசெய்யலாம். இல்லையென்றால் டிரெய்ன் வைத்து நிபுணரிடம் அனுப்பிவிடுவதே சரி. பிறகு தெரியவந்தால் முதலில் பித்தநீரை வடிக்க வேண்டும், தொற்றை அடக்க வேண்டும், உடம்பைத் தேற்ற வேண்டும். எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் எடுத்து எங்கே அறுந்தது என்று பார்க்க வேண்டும். கல்லீரலின் ரத்தக் குழாயும் சேர்ந்து அடிபட்டிருக்கிறதா என்று சி.டி. ஸ்கேனில் பார்க்க வேண்டும். ரிப்பேருக்குப் பெரும்பாலும் ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை காத்திருப்பார்கள். வயிற்றில் டியூபோடு காத்திருப்பது கொடுமைதான். அந்தப் பொறுமைதான் கல்லீரலைக் காப்பாற்றும். ‘என்னால் முடியாது, பெரிய இடத்துக்குப் போங்கள்’ என்று உண்மை சொல்லி அனுப்பும் டாக்டர் மேல் எனக்கு மரியாதை அதிகம்.

காரைக்குடி வாசகர்: பெரிய மனிதர்களுக்கு இப்படி நேர்ந்ததுண்டா?

ஆந்தனி ஈடன். 1953 ஏப்ரலில், பிரிட்டனின் வெளியுறவு அமைச்சராக இருந்தபோது லண்டனில் பித்தப்பை ஆபரேஷன். குழாயில் காயம். லண்டனிலேயே மறு ஆபரேஷன் செய்தும் தேறவில்லை. ஜூனில் பாஸ்டனில் ரிச்சர்ட் கேட்டல் சரிசெய்துகொடுத்தார். இருந்தும் குழாயில் தொற்று திரும்பத் திரும்ப வந்தது. 1956 அக்டோபரில், சூயஸ் நெருக்கடியின் உச்சத்தில், பிரதமர் ஈடனுக்குக் காய்ச்சல் 105 டிகிரியைத் தாண்டியது. 1957 ஜனவரியில் உடல்நிலையைச் சொல்லிப் பதவி விலகினார். அதே ஆண்டில் கேட்டல் மறுபடி ஆபரேஷன் செய்தார். அதன் பிறகும் ஈடன் ஏறக்குறைய இருபது ஆண்டு வாழ்ந்தார்.

சேலம் வாசகி: ரிப்பேர் முடிந்து ஒரு வருடம் நன்றாக இருக்கிறேன். இனி டாக்டர் தேவையில்லையே?

தேவை. தைத்த இடம் சுருங்குவது பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளில். பத்து ஆண்டு கழித்துச் சுருங்கியவர்களும் உண்டு. ஆண்டுதோறும் கல்லீரல் பரிசோதனை செய்யுங்கள். அதில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் ஏறினால் அதுதான் முதல் எச்சரிக்கை.

மதுரை வாசகர்: முதலில் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரி எந்தக் காகிதமும் தர மறுக்கிறது. வேறு டாக்டரிடம் எதைக் காட்டுவது?

2002-ம் ஆண்டின் இந்திய மருத்துவ ஒழுங்குமுறை விதிப்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. ஆபரேஷன் குறிப்பு, ஸ்கேன் படங்கள், வீடியோ இருந்தால் அதுவும் வேண்டும். சண்டை போடாமல், தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள். இன்றே செய்யுங்கள்.