பிரதமர் வாசலில் ஒரு ஒற்றையடிப் பாதை

இங்கிலாந்தின் சில்டர்ன் குன்றுகளில் மிக உயர்ந்த இடமே 267 மீட்டர்தான். நம்மூராக இருந்தால் படிக்கட்டு கட்டி, உச்சியில் ஒரு முருகனைக் குடியேற்றியிருப்பார்கள். அங்கேயோ கனத்த பூட்ஸ், ஊன்றுகோல், கழுத்தில் உறை போட்ட வரைபடம், ஃபிளாஸ்கில் தேநீர் என்று இமயத்துக்குப் புறப்படும் தோரணையில் கிளம்புகிறார்கள்.

வழியெல்லாம் பீச் மரங்கள். 1600-ஆம் ஆண்டுக்கு முன்பிருந்தே தொடர்ந்து காடாக இருந்தால்தான் அந்த நாட்டில் ‘பழங்காடு’ என்ற பட்டம். பழசு என்றதும் மனிதக் கை படாத கானகம் என்று சிலிர்த்துவிட வேண்டாம். இந்த மரங்களை வெட்டித்தான் பக்கத்திலுள்ள ஹை விக்கம் நகரம் நாற்காலி செய்து பிழைத்தது. காட்டுக்குள்ளேயே கொட்டகை போட்டு நாற்காலிக் கால் கடைந்தவர்களுக்கு ‘பாட்ஜர்’ என்று பெயர். கடைந்த பாகங்கள் மட்டும்தான் காட்டில்; முழு நாற்காலி நகரத்தில்.

வேடிக்கை வெண்டோவர் ஊரைத் தாண்டியதும் வருகிறது. சுமார் 139 கிலோமீட்டர் நீளும் ரிட்ஜ்வே நடைபாதை, பிரதமரின் கிராமத்து மாளிகையான செக்கர்ஸுக்குப் போகும் கார் பாதையைக் குறுக்கே கடக்கிறது. பொதுவழி உரிமை அப்படி! சேறு அப்பிய பூட்ஸோடு யாரும் கடக்கலாம்.

ஆனால் பாதையை விட்டு விலகி அந்த மாளிகை வளாகத்துக்குள் அத்துமீறி நுழைந்தால் அது கிரிமினல் குற்றம். போகிறவர்கள் தேநீரை மறந்தாலும் வரைபடத்தை மறந்துவிடாதீர்கள்.