ஏறுமுன் ஒரு குரல்

பெட்டியைத் திறந்தவுடன் பறக்கவிடலாம் என்று நினைத்தேன். போன கோடையில் எனக்கு அறுபத்தைந்து முடிந்ததைக் கொண்டாட, ஸ்காபரோவில் எங்கள் வீட்டுப் பின்வளவில் கேக் வெட்டிய கையோடு மகன் ஒரு பெட்டியை நீட்டினான். உள்ளே, கை கால்களை மடக்கிக்கொண்டு தூங்கும் வௌவால்போல, சாம்பல் நிறத்தில் ஒரு ட்ரோன். எடை 249 கிராம். மற்ற ஒரு கிராமை ஏன் மிச்சம் பிடித்தார்கள் என்று கேட்டேன். கனடாவில் 250 கிராமிலிருந்து பதிவு, பரீட்சை, சான்றிதழ் எல்லாம் வேண்டும், 2019 ஜூன் முதல் அதுதான் சட்டம் என்றான். சட்டத்துக்கு ஒரு கிராம் இப்பால் நிற்கும் அந்தக் கெட்டித்தனம் எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. ஊரில் வேலி அடைப்பவர்களிடம் இதே கணக்கு இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அன்று பின்னேரம் ட்ரோன் பறக்கவில்லை. அதற்கு ஃபர்ம்வேர் வேண்டுமாம். இயந்திரத்தின் மண்டைக்குள் குந்தியிருந்து எந்த மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுற்றவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும் மூளைக்கு அந்தப் பெயர் என்று பன்னிரண்டு வயதுப் பேரன் விளக்கினான். தொழிற்சாலையில் செய்தபோதே மூளை வைத்திருப்பார்களே என்றேன். "அது பழசு, அப்பப்பா" என்றான். பெட்டியைத் திறந்து அரை மணித்தியாலம் ஆகியிருக்கவில்லை.

சரி என்று செயலியைக் கைப்பேசியில் இறக்கினோம். அது மின்னஞ்சல் முகவரி கேட்டது, கடவுச்சொல் கேட்டது, நான் மனிதன்தானா என்று கேட்டது. ட்ரோனுக்கு ஒரு மூளை, கையில் பிடிக்கும் ரிமோட்டுக்கு இன்னொன்று, பற்றரிக்குக்கூடத் தனியாக ஒரு குட்டி மூளை. மூன்றும் ஒத்துப்போனால்தான் ஒன்றோடொன்று முகம் கொடுத்துப் பேசும், கல்யாண வீட்டுச் சம்பந்திகள் மாதிரி. பற்றரி பாதிக்குக் கீழே கிடந்ததால் முதலில் சார்ஜ் பண்ணு என்றது. பண்ணினோம். பிறகு புதுப்பிப்பு 73 சதவீதத்தில் வந்து நின்றது, நின்றதுதான். இடையில் அணைத்தால் முழுச் சாமானும் செங்கல்லாகிவிடும் என்று மகன் வெருட்டியிருந்தான், இந்தத் தொழிலில் அப்படித்தான் சொல்கிறார்களாம், செங்கல் என்று. ஆகவே உலைப்பானையைப் பார்க்கிற மாதிரி ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டு, மூன்று தலைமுறை ஆண்கள் குசினி மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். வெளியே அருமையான காற்று வீசி முடிந்து இருட்டியது.

அந்தக் காற்றுதான் என்னை இழுத்துக்கொண்டு போனது. எழுபதுகளின் நடுப்பகுதி, வடமராட்சிக் கரை. மார்கழியில் வாடைக்காற்று நிலைகொண்டுவிட்டால் எங்கள் கால்கள் தரையில் நிற்காது. மூங்கிலை வாங்கிப் பிளந்து, போத்தல் துண்டால் சீவி, விரலில் வைத்து இரண்டு பக்கமும் ஒரே கனமா என்று பார்ப்போம். பாணுக்கு விடியப்புறம் வரிசையில் நின்ற காலம் அது. அம்மா பத்திரப்படுத்தி வைத்திருந்த கூப்பன் மாவில் ஒரு சிரங்கை களவெடுத்துப் பசை காய்ச்சினால், பட்டம் ஒட்டுமோ இல்லையோ, முதுகில் அகப்பைக்காம்பு ஒட்டும். கொக்குப்பட்டம், பிராந்து, எட்டுமூலை, வௌவால் என்று ஆளுக்கொரு சாதி. எங்களுக்கு மேற்கே வல்வெட்டித்துறையில் இன்றைக்கும் தைப்பொங்கல் அன்று உதயசூரியன் கடற்கரையில் ஆளுயரத்தைத் தாண்டிய பட்டங்களை ஏற்றிப் போட்டி நடத்துகிறார்கள். நான் அந்த அளவுக்கு வளரவில்லை. என் பட்டங்கள் பெரும்பாலும் குத்தின.

குத்தினால் என்ன செய்வோம்? இறக்குவோம். நூலைப் பூட்டும் முச்சையில் மேல்கயிற்றை ஒரு விரற்கடை தளர்த்துவோம். இன்னும் கரணமடித்தால் அம்மாவின் பழஞ்சேலையில் இன்னொரு முழம் கிழித்து வாலில் முடிவோம். திருத்தம் முடிந்துவிட்டது. அதற்கு யாரும் என் பெயரைக் கேட்கவில்லை, நான் மனிதன்தானா என்று சந்தேகப்படவுமில்லை. சந்தேகப்பட்டவர் ஒருவர் உண்டு, அவர் என் கணக்கு வாத்தியார்.

பிறகு விண். வெளியூர்க்காரருக்கு இதை விளங்கப்படுத்துவது கஷ்டம். ஒரு மூங்கில் வில்லில் மெல்லிசாகச் சீவிய நாரை இழுத்துப் பூட்டிப் பட்டத்தின் தலையில் கட்டிவிட்டால், மேலே போனதும் காற்றில் நார் அதிர்ந்து கூவும். ஒவ்வொரு விண்ணுக்கும் ஒரு குரல். பொழுதுபட்டால் பட்டத்தை இறக்கமாட்டோம். நூலைத் தென்னையில் கட்டிவிட்டுச் சாப்பிட்டுப் படுத்துவிடுவோம், அது இரவு முழுக்க மேலே நின்று கூவிக்கொண்டிருக்கும், அரைத்தூக்கத்தில் புரண்டு படுக்கும்போது இது என்னுடையது, இது பக்கத்து ஒழுங்கைக்காரனுடையது என்று பிரித்துக் கேட்டுவிட்டு மறுபடி கண்ணை மூடுவோம், குரல் நின்றுவிட்டால் காற்று விழுந்துவிட்டது, விடிய எந்த வளவின் முருங்கையில் போய்த் தேடவேண்டுமோ என்ற கவலையோடு. இப்போதும் படுக்கைக்குப் பக்கத்தில் ஒன்று இரவிரவாகக் கூவுகிறது, அது கைப்பேசி. எவனுடைய நூல் எங்கே கட்டியிருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

இரண்டாம் நாள் செயலி, ட்ரோனின் திசைகாட்டியைச் சரிப்படுத்தச் சொன்னது. அதைத் தட்டையாகப் பிடித்துக்கொண்டு நான் ஒரு முழுச்சுற்றுச் சுற்றவேண்டும், பிறகு மூக்கு நிலம் பார்க்கப் பிடித்துக்கொண்டு இன்னொரு சுற்று. சன்னிதியில் காவடி எடுத்ததற்குப் பிறகு நான் இப்படிச் சுற்றியதில்லை. பக்கத்து வீட்டு அம்மையார், எண்பதைத் தாண்டிய இத்தாலியக் கிழவி, தக்காளிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அவளுக்கும் எனக்கும் நடுவில் ஐந்தடிப் பலகை வேலி.

வேலி என்றதும் சொல்லவேண்டும். நாங்கள் வேலிச் சாதி. கிடுகு வேலி, பனையோலை வேலி, கிணற்றடிக்குத் தனி மறைப்பு. உள்ளே நடப்பது வெளியே தெரியக்கூடாது என்பதற்காக வருடாவருடம் ஓலை மாற்றி அடைப்போம். வெளியே நடப்பது உள்ளே தெரியவேண்டும் என்பதற்காக அதில் ஒரு பொட்டும் வைத்துக்கொள்வோம், கோழி போகத்தான் என்று சத்தியம் செய்துகொண்டு. அந்த வருடாந்த அடைப்பில்தான் கலை இருந்தது. பழைய கிளுவங்கதியாலைப் பிடுங்கிப் புதிதை நடும்போது நாலு விரற்கடை அங்காலே தள்ளி நட்டுவிட்டால், பக்கத்து வீட்டுக்காரனுக்கு உடனே தெரியாது. பத்து வருடத்தில் அவன் மாமரம் உங்கள் வளவுக்குள் நிற்கும். யாழ்ப்பாணத்து நீதிமன்றங்களும் பல அப்புக்காத்துமாரின் பிள்ளைகளும் அந்த நாலு விரற்கடையில் வளர்ந்தார்கள்.

மூன்றாம் நாள் செயலி, "எங்கள் விதிமுறைகளைப் புதுப்பித்திருக்கிறோம்" என்று ஒரு பக்கத்தை விரித்தபோது எனக்கு அந்தக் கதியால்தான் ஞாபகம் வந்தது. முதல் நாள் சம்மதம் கொடுத்தேனே? கொடுத்தது முதல் நாள் வேலிக்கு. இன்றைக்கு என் இருப்பிடம், தொடர்புப் பட்டியல், ஒலிவாங்கி. பறப்பதற்கு ஒலிவாங்கி எதற்கு? மகன் பொறுமையாக ஒவ்வொன்றாக அணைத்துத் தந்தான். படங்களைத் தானாக எங்கோ ஏற்றிவைக்கும் வசதி, பறந்த பாதையைப் பகிரும் வசதி, "சேவையை மேம்படுத்த உதவுங்கள்" என்று கெஞ்சும் ஒரு வசதி, எல்லாம் தாமாகத் திறந்தே கிடந்தன, பொட்டுக்கள்போல.

என் பெட்டியின்மேல் எந்தப் பெயர் என்பது இருக்கட்டும். இந்தத் தொழிலின் பெரியண்ணனான ஷென்சென் நகரத்து டிஜேஐயின் கதை ஊரறிந்தது. புதுப் பதிப்பை ஏற்றிக் கணக்கைச் செயற்படுத்தாத ட்ரோன்களுக்கு நேரடிப் படம் கிடையாது, 50 மீட்டர் ஆரம், 30 மீட்டர் உயரம், அவ்வளவுதான் என்று 2017 மேயில் அவர்கள் அறிவித்தார்கள். காசு கொடுத்து வாங்கிய மாட்டைக் கட்டையில் கட்டி மேயவிடுவதுபோல. அதே வருடம் ஆகஸ்டில் அமெரிக்கத் தரைப்படை, பாதுகாப்புக் குறைகள் உண்டென்று சொல்லி அவர்களுடைய ட்ரோன்களைக் கீழே வைக்கச் சொன்னது. அடுத்து இணையத்தோடு பேசாமல் பறக்கும் ஒரு முறையை நிறுவனம் கொண்டுவந்தது. 2020 ஜூலையில் சினாக்டிவ், கிரிம் என்ற இரண்டு பாதுகாப்பு ஆய்வு நிறுவனங்கள், ஆண்ட்ராய்டுச் செயலி கூகுள் கடையைத் தாண்டியும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வழி வைத்திருக்கிறது என்று காட்டின. களவாக மாற்றிய செயலிகளை ஓட்டாமல் தடுக்கத்தான் அது என்றது டிஜேஐ. கோழி போகத்தான்.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்பதுதான் இதில் எரிச்சல். புதுப்பிக்காவிட்டால் பழைய பொட்டு அடைபடாது. பற்றரி மீதியைத் தப்பாகக் காட்டி நடுவானத்தில் விழக்கூடும். புதுப்பித்தால் கதியால் எங்கே நடப்பட்டிருக்கிறது என்று இருபது பக்கம் வாசிக்கவேண்டும். நான் ஏழாம் பக்கத்தில் தூங்கிவிட்டேன்.

நாலாம் நாள் பறந்தது. பொய் சொல்லமாட்டேன், வயிற்றுக்குள் பதினாலு வயது துள்ளியது. காற்றுக்குக் காத்திருக்கவில்லை, ஓடவில்லை, யாரும் பின்னால் நின்று தூக்கி விடவில்லை. ஒரு விரலால் தள்ளினேன், இருபது மீட்டரில் போய் ஆணி அடித்ததுபோல நின்றது. காற்றுக்கு நெஞ்சைக் கொடுத்து முறுகுவது, நூல் விரலை அறுப்பது, எதுவுமில்லை. கையில் பாரமே தெரியாதது கொஞ்சம் ஏமாற்றம். ஆனால் திரையில் என் கூரையைப் பார்த்தேன், இருபத்தெட்டு வருடம் கடன் கட்டியும் ஒருநாளும் பார்த்திராத கூரை. பற்றரி இறங்கியதும் தானாகத் திரும்பி வந்தது. புறப்பட்ட இடத்தை நினைவில் வைத்திருந்து அங்கேயே வந்து இறங்குமாம். புறப்பட்ட இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு நாற்பது வருடமாக வேறு இடத்தில் இறங்கி நிற்கும் ஒருவனுக்கு இதைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார்கள்.

கூரைப் படத்தைச் சொந்தக்காரர் எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பியபிறகு பேரன் வந்தான். "அப்பப்பா, படத்துக்குள்ளேயே எங்கட வீடு எங்க இருக்கெண்டு எழுதியிருக்கு." உண்மைதான். அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம். ஊரில் எங்கள் முகவரி "வாசிகசாலைக்குப் பின்னால்" என்பதோடு முடிந்தது, தபாற்காரர் எப்படியோ வந்து சேர்ந்தார்.

அடுத்த கிழமை பருத்தித்துறையிலிருந்து தங்கச்சி வீடியோவில் வந்தாள். பட்டக்காலத்தில் என் நூற்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான். அவளுக்குக் காட்டாமல் யாருக்குக் காட்ட? கைப்பேசியை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு ட்ரோனைக் கிளப்பினேன். "என்ன அண்ணை சத்தம்?" என்றாள். "பொறு, பார்" என்றேன். திரும்பிப் பார்த்தபோது திரையில் அவள் வீட்டு முகடு மட்டும் தெரிந்தது. இறக்கி அணைத்து, நாலைந்து தரம் கூப்பிட்டபிறகு வந்தாள். "வண்டு மாதிரிக் கிடந்தது" என்றாள். நான் எண்பதுகளில் விமானம் ஏறிவிட்டவன். அவள் போரின் கடைசிவரைக்கும் வன்னியில் இருந்தவள். ஆளில்லாத வேவு விமானத்துக்கு அங்கே சனங்கள் வைத்த பெயர் வண்டு. அது மேலே இரைந்து சுற்றிவிட்டுப் போனால் பின்னால் ஷெல் வரும், அல்லது குண்டு போடும் கிபிர் விமானம் வரும். "இது விளையாட்டுச் சாமான், 249 கிராம்" என்றேன். "ஓமண்ணை, வடிவா இருக்கு" என்றாள், கதையை மாற்றி, பேரனின் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு கிழமை பெட்டி அலுமாரிக்குள் கிடந்தது. செயலி மட்டும், புதுப் பதிப்பு வந்திருக்கிறது என்று தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

மறுபடி எடுத்தபோது எனக்கு நினைவில் வந்தவர் எங்கள் வளவுக்குத் தேங்காய் பிடுங்க வருகிறவர். தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு, மரத்தில் கத்திப்பிடியால் இரண்டு தட்டுத் தட்டி, நாலு வளவுக்கும் கேட்கக் குரல் கொடுப்பார்: "ஏறப்போறன்! கிணத்தடியில ஆரும் நிண்டா உள்ளுக்குப் போங்கோ!" கிணற்றடியில் வாளி வைக்கிற சத்தம் கேட்கும், யாரோ சிரித்துக்கொண்டு ஓடுகிற சத்தம் கேட்கும். அதன்பிறகும் நூறு எண்ணுகிற நேரம் வேண்டுமென்றே சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டு நிற்பார். மேலே போனால் ஊரின் கிணற்றடி முழுவதும் தெரியும் என்பது அவருக்குத் தெரியும், தெரியும் என்பது எங்களுக்கும் தெரியும்.

நான் ட்ரோனைப் புல்லில் வைத்துவிட்டு வேலிப் பக்கம் போனேன். பலகையில் இரண்டு தட்டுத் தட்டினேன். "அம்மா, இதை மேலே விடப்போகிறேன், உங்கள் பக்கம் கமரா திரும்பாது, பத்து நிமிடம்தான்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னேன்.

கிழவி நிமிர்ந்து பார்த்தாள். ஒரு நிமிடம் பொறு என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே போனாள். உடுப்புக் காயப்போட்டிருக்கிறாளாக்கும், எடுக்கட்டும் என்று நின்றேன். சுருட்டு இல்லை, ஆகவே எண்ணினேன். நூறு தாண்டி, நூற்றைம்பதும் தாண்டியபிறகு கதவு திறந்தது. தலையைச் சீவி, உதட்டுக்குச் சாயம் பூசி, நீலப்பூப் போட்ட சட்டை மாற்றிக்கொண்டு வந்து, தக்காளிக் கொடிகளுக்கு நடுவில் நிமிர்ந்து நின்று, வானத்தைப் பார்த்துச் சிரித்தாள்.