நீதிபதியின் பேத்திகள்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சேலம் என்று ஓர் ஊர். மாம்பழச் சேலம் அல்ல. இங்கே விற்பது பிணம்.

1692-இல் சூனியம் வைத்ததாகச் சொல்லி 14 பெண்களையும் 5 ஆண்களையும் இங்கே தூக்கில் போட்டார்கள். வழக்காட மறுத்த ஜைல்ஸ் கோரி என்ற கிழவரைக் கல்லை அடுக்கி நசுக்கிக் கொன்றார்கள். சாரா குட் என்ற பரம ஏழையைத் தூக்கிலிட்டதோடு நில்லாமல், அவளுடைய நாலைந்து வயது மகளையும் சங்கிலி பூட்டிச் சிறையில் வைத்தார்கள்.

இப்பேர்ப்பட்ட பெருமையைச் சும்மா விடலாமா? இன்று அந்த ஊர்ப் போலீஸ் வண்டியில் துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரிதான் சின்னம். பள்ளி விளையாட்டு அணியின் பெயரே ‘சூனியக்காரிகள்’. தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் வந்த சூனியக்காரிக்கு 2005-லேயே வெண்கலச் சிலை எழும்பிவிட்டது. நிஜமாகவே செத்தவர்கள் தொங்கிய இடம் எதுவென்று உறுதிசெய்ய 2016 ஆயிற்று. ஒரு மருந்துக்கடைக்குப் பின்னால் கிடந்தது. எது முக்கியமோ அதைத்தானே முதலில் செய்வார்கள்?

அக்டோபர் வந்தால் தெருவெல்லாம் கூர்த்தொப்பி. கடைகளில் தொங்கும் சட்டைகள், போட்டுக்கொள்பவரை எரிபடாமல் தப்பிய சூனியக்காரிகளின் பேத்தி என்று அறிவிக்கின்றன. சேலத்தில் யாரையும் எரிக்கவில்லை, தூக்கில்தான் போட்டார்கள் என்பது சில்லறை விவரம். பெரிய விவரம் வேறு. தூக்கேறிய 19 பேரும் தாங்கள் சூனியம் செய்யவில்லை என்று சொல்லித்தான் செத்தார்கள். செய்தேன் என்று ஒப்புக்கொண்டு, அந்த வாக்கில் நின்றவர்கள் யாரும் தூக்கிலிடப்படவில்லை. ஒரே ஒரு பொய், உயிர் மிஞ்சியிருக்கும். 71 வயது ரெபேக்கா நர்ஸ் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. ஜூரிகள் முதலில் அவரைக் குற்றமற்றவர் என்றார்கள். மறுபடி யோசிக்கச் சொன்னது நீதிமன்றம். யோசித்தார்கள், கயிறு வந்தது.

இப்போது கணக்குப் பாருங்கள். அவர்களைச் சூனியக்காரிகள் என்று அன்று சொன்னவர் நீதிபதி. இன்று சொல்பவர் சட்டை வாங்கியவர். ஆகவே தாயே, நீங்கள் தூக்கில் தொங்கியவரின் பேத்தி அல்ல. தீர்ப்பு எழுதியவரின் பேத்தி.

இந்தப் பரம்பரைக் கதைக்குத் தலபுராணம் எழுதியவர் மார்கரெட் மரே என்ற எகிப்தியல் அறிஞர். விசாரணைகளில் கறந்த வாக்குமூலங்களை மனமுவந்து தந்த பேட்டிகளாகப் படித்து, மேற்கு ஐரோப்பா முழுக்கப் பழைய மதம் ஒன்று மறைந்து வாழ்ந்தது என்று 1921-இல் எழுதினார். இன்றைய சூனியக்காரி மதமான விக்காவை நிறுவிய ஜெரால்ட் கார்ட்னருக்கு அது போதும். இலங்கைத் தேயிலை, மலாயா ரப்பர், ஜோகூர் சுங்கம் என்று காலனி உத்தியோகங்களில் காலம் தள்ளி, 1936-இல் ஓய்வு பெற்றவர் அவர். அந்தப் பழைய மதத்தின் மிச்சக் குழு ஒன்று 1939-இல் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் தனக்குத் தீட்சை கொடுத்தது என்றார். 1951-இல் பிரிட்டனின் சூனியச் சட்டம் ரத்தாயிற்று. 1954-இல் அவர் புத்தகம் வந்தது. முன்னுரை? மரேதான். கதை கட்டியவரே கதைக்குச் சாட்சி.

1957-இல், அவருடைய குழுவின் தலைமைப் பெண் பூசாரியாக இருந்த டோரீன் வாலியன்ட், கார்ட்னரின் விளம்பர மோகத்துக்குக் கடிவாளம் போட விதிகள் கேட்டார். உடனே பரணிலிருந்து ‘பழைய சட்டங்கள்’ இறங்கின. இளையவள் ஒருத்தி வந்தால் மூத்த பூசாரி நாகரிகமாக ஒதுங்கிக்கொள்ள வேண்டுமாம். ஆதி மரபுக்குத்தான் என்ன தீர்க்கதரிசனம்! வாலியன்ட் வெளியேறினார்.

அப்புறம் 90 லட்சம் சூனியக்காரிகளை எரித்தார்கள் என்ற கதை. 1784-இல் ஜெர்மனியின் குவெட்லின்பர்க்கில் வோய்க்ட் என்பவர், உள்ளூர்ப் பதிவேட்டில் கண்ட சில வழக்குகளை ஐரோப்பா முழுமைக்கும் பல நூற்றாண்டுகளுக்கும் பெருக்கிக் கண்ட விடை அது. வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு 40,000 முதல் 60,000 வரை. ஐம்பதாயிரம் கொலை போதாதா உங்கள் கண்ணீருக்கு? செத்தவர்கள் எண்ணிக்கையிலுமா கலப்படம்?

புது மதம் தொடங்குவது குற்றமில்லை. எந்தச் சாமிக்கும் முதல் நாள் ஒன்று உண்டு. நிலவைக் கும்பிடுங்கள், கொம்பு வைத்த கடவுளைக் கும்பிடுங்கள். தங்கள் மதம் இருபதாம் நூற்றாண்டில் பிறந்தது என்று நேர்மையாகச் சொல்லும் விக்காவினர் பலர் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கும்பிடு. ஆனால் வயதைக் கூட்டிக் காட்ட, பொய்ப்பழியில் செத்த கிறிஸ்தவக் கிழவிகளை முன்னோராகத் தத்தெடுப்பது பிணத்தின் வாய்க்கரிசியைப் பிடுங்கித் தின்பது.

அந்தப் பழி இன்னும் ஆறவில்லை. சேலம் வழக்குகளில் தண்டிக்கப்பட்ட எலிசபெத் ஜான்சனை மாசசூசெட்ஸ் சட்டம் குற்றமற்றவர் என்றது 2022-இல்தான். அதற்கும் பள்ளிப் பிள்ளைகள் போராட வேண்டியிருந்தது. இந்தியாவிலோ, ஜார்க்கண்டில் விதவையின் நிலம் வேண்டுமென்றால் அவளை ‘டாயன்’, அதாவது சூனியக்காரி, என்று ஊர் நடுவே சொன்னால் போதும். 2001-இல் சட்டம் போட்டும் கொலை நிற்கவில்லை. அவளுக்கு அந்தப் பட்டத்தைக் கழற்றி அலமாரியில் மாட்டும் வசதி இல்லை.

ரெபேக்கா நர்ஸ் உயிரைக் கொடுத்துக் காத்த சொல் ஒன்றே ஒன்று: தான் சூனியக்காரி இல்லை. அதை ஒரு சட்டையில் அச்சடித்துத் தொங்கவிடுவார்களா? மாட்டார்கள். நீதிபதியின் பொய்க்குத்தான் சந்தையில் விலை.