இன்னும் ஒரு போகம் தாங்கும்: சோலூர் வட்டாரத்தில் டயர் மாற்றும் காலம் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

கல்யாணத்துக்கு நாள் பார்க்கப் பஞ்சாங்கம் உண்டு. பச்சைத் தேயிலைக்கு மாதாமாதம் விலை அறிவிக்கக் குன்னூரில் தேயிலை வாரியம் உண்டு. வண்டிக்கு டயரை எப்போது மாற்றலாம் என்று சொல்ல மட்டும் நீலகிரியில் எந்த அமைப்பும் இல்லை. ஆகவே அந்தப் பொறுப்பு டீக்கடைப் பெஞ்சின் தலையில் விழுந்திருக்கிறது. பெஞ்சின் தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்: "இன்னும் ஒரு போகம் தாங்கும்." இத்தீர்ப்பு எந்தச் சான்றுகளைக் கொண்டு வழங்கப்படுகிறது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வு எல்லை: சோலூர் பேரூராட்சி, அங்கிருந்து கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு தலைகுந்தா, ஊட்டி, குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் பிக்கப்புகள், அவற்றின் உரிமையாளர்கள் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏறும் கார்கள். இரு சக்கர வாகனங்கள் சேர்க்கப்படவில்லை. அவற்றின் டயர்களைப் பற்றி எழுதினால் ஆய்வு ஒப்பாரியாகிவிடும்.

2. முன்னோடிகள்

சார்லஸ் குட்இயர் 1839-ல் ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கி, வெயிலில் இளகாத, குளிரில் விறைக்காத ரப்பரைக் கண்டுபிடித்தார். 1860-ல் கடனாளியாகவே இறந்தார். டயருக்கும் கடனுக்கும் உள்ள உறவு டயர் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதற்கு இது சான்று. டன்லப் தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்த காற்றடைத்த டயருக்கு 1888-ல்தான் காப்புரிமை பெற்றார்.

தமிழ்நாட்டின் பங்களிப்பும் சிறிதல்ல. 1946-ல் திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1952-ல் டிரெட் ரப்பருக்கு வந்தது. அதாவது புது டயர் செய்வதற்கு முன்பே, தேய்ந்த டயருக்கு ரீசோல் போடும் ரப்பரைச் செய்தது. நம் ஜனங்களின் மனத்தை இதைவிடத் துல்லியமாகக் கணித்த வணிக முடிவு வேறில்லை.

1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் விட்ட பொறியாளர்கள், கல்லாறுக்கு மேல் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் வெறும் சக்கரத்தின் பிடியை நம்பவில்லை. தண்டவாளங்களுக்கு நடுவே பல் சட்டம் பதித்தார்கள். இந்த மலையில் உராய்வை மட்டும் நம்பி இறங்காதே என்ற எச்சரிக்கை அன்றே இரும்பில் எழுதப்பட்டுவிட்டது. நாம் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்ததோடு சரி.

3. அளவுகோல்கள்

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ன்படி கார் டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. புது டயரில் இது 7, 8 மில்லிமீட்டர் இருக்கும். பள்ளத்துக்குள் அங்கங்கே சிறு மேடுகள் வைத்தே வார்த்திருப்பார்கள். பள்ளங்களுக்கு இடையே துருத்தி நிற்கும் பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் டயரின் கதை முடிந்தது என்று பொருள். அது டயரின் டிசைன் என்பது பெஞ்சின் கருத்து.

அமெரிக்காவில் ஒரு சென்ட் நாணயத்தைத் தலைகீழாகப் பள்ளத்தில் செருகுவார்கள். லிங்கனின் உச்சந்தலை வெளியே தெரிந்தால் டயரை மாற்ற வேண்டும். நம் நாணயத்தில் இருப்பது அசோகத் தூணின் சிங்கங்கள். நான்கில் மூன்றுதான் கண்ணுக்குத் தெரியும். நான்காவது தெரிகிறவரை மாற்ற வேண்டியதில்லை என்று சோலூரில் ஒரு விதி செய்தால் எதிர்ப்பின்றி நிறைவேறும்.

அடுத்தது வயது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் பிறந்தது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் வெயிலும் ஓசோனும் ரப்பரைக் கெட்டியாக்கி வெடிப்பு விழச் செய்யும். வெடிப்பைத் தடுக்க உள்ளே கலந்திருக்கும் மெழுகு, டயர் உருண்டு நெளியும்போதுதான் மேற்பரப்புக்கு வரும். எனவே தார்ப்பாய் போட்டு மூடிக் கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கும் காரின் டயர், பட்டன் முழுசாக இருக்கும்போதே கெட்டுப்போகிறது. ஆறு ஆண்டில் மாற்றுங்கள் என்கின்றன பல கார் நிறுவனங்கள். எப்படியானாலும் பத்தைத் தாண்டாதீர்கள் என்கின்றன டயர் நிறுவனங்கள். இதற்குப் பெஞ்சின் மறுப்பு: "ஓடாத டயர் எப்படிங்க தேயும்?" தலைகுந்தாவில் உறைபனி படிந்த ஜனவரி விடியலில், கெட்டிப்பட்ட ரப்பரோடு பிரேக் அடித்தவர்கள் இந்த மறுப்பை ஆதரிப்பதில்லை.

4. களத்தரவு

டயர் பரிசோதனை இவ்வட்டாரத்தில் காலால் நடைபெறுகிறது. உரிமையாளர் வெளிப்பக்கத்தை ஓர் உதை உதைப்பார். டயர் திருப்பி உதைக்காவிட்டால் தேர்ச்சி. ஆனால் மலை வண்டியில் வளைவுக்கு வளைவு அடி வாங்குவது முன் டயரின் தோள்பட்டை. அலைன்மென்ட்டும் போயிருந்தால் உள் விளிம்பு தனியாகக் கரையும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, டயருக்குப் பின்னால் கையை விட்டுத் தடவ வேண்டும். முதலில் பட்டன் தட்டுப்படும். பிறகு வழவழப்பு. கடைசியில், பார்ப்பவர் கண்ணில் படாத அந்த ஓரத்தில், விரலில் சுருக்கென்று ஒன்று ஏறும்: கம்பி.

அந்த நிலையில் டயர் கடையில் நிகழும் உரையாடலின் மாதிரி வடிவம்:

"கம்பி குத்துதுங்கண்ணா. இதோட கீழ எறங்காதீங்க."

"ஓரத்துலதான தம்பி? நடுவுல பட்டன் இருக்குதல்ல?"

"திரும்பறப்ப அந்த ஓரந்தானுங்கண்ணா ரோட்டப் புடிக்குது."

"அதுஞ் சரிதான். இன்னிக்குக் கேரட் என்ன வெலைக்குப் போச்சு?"

5. கருதுகோள்

மேற்கண்ட கடைசிக் கேள்வி பேச்சை மாற்றுவதற்காகக் கேட்கப்பட்டது என்று சமவெளி ஆய்வாளர்கள் கருதக்கூடும். தவறு. அதுதான் பேச்சே. சோலூரில் டயரின் தேய்மானம் கேரட் விலைக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். மண்டியில் விலை ஏறிய வாரம் டயர் அநியாயத்துக்குத் தேய்ந்திருக்கும். மாற்றியே ஆக வேண்டும். விலை சரிந்தால் அதே டயரில் பட்டன் மறுபடி முளைத்துவிடும். ஆகவே உலகம் கிலோமீட்டரில் அளக்கும் டயரின் ஆயுளை இங்கே போகத்தில் அளக்கிறார்கள்.

துணைக் காரணிகளில் முக்கியமானது ஜூன் மாதம். தென்மேற்குப் பருவமழையும் பள்ளிக் கட்டணமும் அப்போது சேர்ந்தே வருகின்றன. ரோடு வழுக்கத் தொடங்கும் நேரத்தில் பீரோவில் இருந்த டயர் பணம் ஸ்கூல் கவுன்ட்டருக்குப் போய்விடுகிறது. மற்றொன்று வண்டிக்குத் தகுதிச் சான்று வாங்கும் எஃப்.சி. அன்று மட்டும் வண்டியில் நல்ல டயர்கள் காணப்படும். மறுநாள் அவை எங்கே போகின்றன என்பது தனி ஆய்வுக்குரியது.

6. கிளைச் சர்ச்சைகள்

மேட்டுப்பாளையத்தில் அடித்த காற்று ஊட்டிக்கு வந்தால் குறையுமா, கூடுமா? குளிரால் இரண்டு மூன்று பாயின்ட் குறையும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வெளிக்காற்றின் அழுத்தம் தணிந்து, மீட்டரில் ஏறத்தாழ மூன்று பாயின்ட் கூடுதலாகக் காட்டும். கணக்கு கிட்டத்தட்ட நேராகிவிடுகிறது. அரை நூற்றாண்டாக இதில் சண்டையிட்ட இரு தரப்புக்கும் வெற்றி.

இரண்டு டயருக்குத்தான் காசு இருக்கிறது. முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா? முன்னால் என்பது பெஞ்சு. பின்னால் என்பது டயர் நிறுவனங்கள். ஈர ரோட்டில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேரே போகும், ஓட்டுபவருக்கு உடனே தெரியும். பின் டயர் வழுக்கினால் வண்டியே சுற்றிவிடும், தெரிந்தும் பயனில்லை. இவ்விஷயத்தில் மட்டும் பெஞ்சுக்கு எதிராக வாக்களிக்க ஆய்வாளர் கடமைப்பட்டிருக்கிறார்.

7. பரிந்துரைகள்

டயரை உதைப்பதை விடுத்துத் தடவிப் பார்க்க. பட்டன் இருந்தாலும் பிறந்த வாரத்தைப் படிக்க. ஸ்டெப்னிக்கும் வயதாகும் என்பதை நினைவில் கொள்க. டயருக்கான பணத்தை மே மாதத்திலேயே, பள்ளிக்கூடம் திறக்குமுன் கடையில் கட்டிவிடுக. இவை எதற்கும் வழியில்லாதவர்கள் தலைகுந்தாவில் வண்டியைத் திருப்பிவிட வேண்டும். அங்கே மண்டிச் சாலையை விட்டுப் பிரிந்து இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. இறங்கின கேரட் விலை எப்படியும் மறுபடி ஏறும். கல்லட்டியில் இறங்கின வண்டிக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.