நாற்பதுக்கு மேல் ஒரு லோஃபர்

எங்கள் அல்சூர் வீட்டில் ‘லோஃபர்’ என்றால் வேலைவெட்டி இல்லாமல் ஏரிக்கரையைச் சுற்றுகிறவன். “லோஃபர் வாங்கியிருக்கேன் அத்தை” என்றதும் மாமியார் கேட்டார்: “ஏம்மா, இருக்கிற ஒண்ணு போதாதா?” அந்த ஒன்று, ஹாலில் படுத்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தது.

நார்வே நாட்டுக் காலணியைப் பார்த்து அமெரிக்காவின் பாஸ் கம்பெனி 1936இல் விற்கத் தொடங்கிய நாடா இல்லாத ஷூதான் நான் வாங்கிய லோஃபர். அதன் பட்டையில் மாணவர்கள் காசு செருகினார்கள். அதனால் பென்னி லோஃபர் என்ற பெயர் வந்தது. இப்போது அடியில் செங்கல் கனத்துக்கு ரப்பர் ஒட்டி, காசை நம்மிடம் வாங்கிக்கொள்கிறார்கள். பக்கத்து ஆம்பூரே உலகத்துக்குத் தோல் ஷூ தைத்து அனுப்புகிறது. நமக்குத்தான் அது இத்தாலி வழியாகச் சுற்றி வந்தால் பிடிக்கும்.

லோஃபரோடு, நாற்பதைத் தாண்டியவர்கள் கணுக்கால் தெரிய பேண்ட் போட வேண்டுமாம். பித்தவெடிப்பைக் குதிகாலோடு மறைத்துவிட்டுக் கணுக்காலை மட்டும் காட்டச் சொல்பவர், நிச்சயம் நம் வயதுக்காரர். லோஃபர் புடவைக்கும் பொருந்தும்; இரண்டு விரல் தூக்கிக் கட்டினால் போதும், கொசுவம் தடுக்காது. குனியாமல் கழற்றலாம் என்பதால், முழங்கால் வலிக்காரர்கள் கோயிலுக்குப் போட்டுப் போக இதைவிடத் தோதான ஷூ இல்லை.

சோமேஸ்வரர் கோயில் வாசலில் பெருமையோடு கழற்றி வைத்தேன். பூக்காரம்மா எட்டிப் பார்த்தார்.

“பையனோட ஸ்கூல் ஷூவாக்கா? இன்னிக்கு அவனுக்கு லீவா?”