போர்டு பேசுது, புள்ள பேசுதா?

வா நைனா, குந்து. புதுசா இங்கிலீஷ் வாத்தியாரா ஆர்டர் வாங்கிக்கினு வந்துகீற. சட்டை மடிப்பு கூட கலையல, அதுக்குள்ள கையில ஒரு மனு. "தாத்தா, உங்களுக்கு ஆம்பூர் தோல் ஷாப்பு முதலாளிங்களத் தெரியும், எங்க இஸ்கூலுக்கு ஒரு ஸ்மார்ட் போர்டு கேட்டு வாங்கிக் குடுங்க"ங்கற. தெரியும்தான். ஆயுசுல பாதிய சுண்ணாம்புக் குழி ஓரமாவே கழிச்சவனாச்சே. கேட்டா குடுக்கவும் செய்வாங்க. பெரிய கம்பெனிங்க லாபத்துல நூத்துக்கு ரெண்டு ஊர் நல்லதுக்குச் செலவழிக்கணும்னு 2013லயே சட்டம் போட்டாச்சு. போர்டுக்கு மேல கம்பெனி பேரு, கீழ பாடம். எல்லாஞ் சரி. அது வந்து எறங்கினா உன் வகுப்புல எத்தினி புள்ளைங்க வாயத் தொறக்கும்? அத்தச் சொல்லு மொதல்ல.

பெட்டிங்க வர்றத நான் ரொம்ப நாளா பாத்துக்கினு கீறேன். 1984ல டெல்லிக்காரங்க 'கிளாஸ்'னு ஒரு திட்டம் போட்டாங்க. சீமையிலருந்து பிபிசி மைக்ரோன்னு கம்ப்யூட்டர் எறக்கி அங்கங்க இஸ்கூலுக்குக் குடுத்தாங்க. 2004ல எஜுசாட்டுன்னு வானத்துல ஒரு செயற்கைக்கோளையே ஏத்தி உட்டாங்க, பாடம் நடத்த. 2011 செப்டம்பர்ல ஜெயலலிதா அம்மா பிளஸ் டூ புள்ளைங்களுக்கு லேப்டாப்பு குடுத்தாங்க. அதுல படிச்சு ஆளானவனும் கீறான், படம் பாத்தே தேச்சவனும் கீறான். 2018ல பொஸ்தகத்துல கறுப்புக் கட்டம் வந்துச்சு, கியூஆர் கோடாம். போனக் காட்டினா பாடம் பேசுமாம். போனு எங்க? அப்பன் பாக்கெட்டுல. அப்பன் எங்க? ஷாப்புல, நைட் ஷிப்டு.

அப்பால 2019 ஆகஸ்டுல கல்வித் தொலைக்காட்சி. அதுக்கும் அப்பால தொடக்கப் பள்ளிங்களுக்கு 22,931 ஸ்மார்ட் வகுப்பறை, வாத்தியாருங்களுக்கு 79,723 டேப்லெட்டுன்னு அரசாங்கம் கணக்குச் சொல்லுச்சு. பெட்டிய நான் குத்தம் சொல்லல. பெட்டி நல்லாத்தான் கீது. சாவி எங்கன்னு மட்டும் கேட்டுப் பாரு. பெரிய வாத்தியார் பீரோவுல. ஏன்? ஒடைஞ்சா யாரு பதில் சொல்றது? தொறப்பு விழா அன்னிக்கு ரிப்பன் வெட்டின கத்திரிக்கோலுதான் அந்த ரூமுல அதிகமா வேலை செஞ்ச கருவி. டேப்லெட்டு கதை வேற. அது பாடத்துக்குன்னு வந்துச்சு, இப்ப வருகைப் பதிவு ஏத்தவும் எமிஸ்னு கீற அரசாங்க வெப்சைட்டுல வெவரம் போடவும் சரியாப் பூடுது. சர்வரு சுத்திக்கினே கீது, வாத்தியாரு அத்தப் பாத்துக்கினே கீறாரு, புள்ளைங்க வாத்தியாரப் பாத்துக்கினே கீதுங்க.

கணக்கு தெரியுமா உனக்கு? இங்கிலீஷ் வாத்தியாருன்னா கணக்கு வராதுன்னு சட்டமா இன்னா? ஒரு பீரியடு 40 நிமிசம். வகுப்புல 40 புள்ளைங்க. நீ வாயவே தொறக்காம இருந்தாலும் ஆளுக்கு ஒரு நிமிசம்தான். நீ சொம்மா இருக்கப் போறியா? பாதிய நீ தின்னுடுவ. மிச்சத்த போர்டு தின்னுடும். அதுல ஒரு வெள்ளக்காரப் பொம்மை வந்து ஆப்பிளு, ஆரஞ்சுன்னு பாடும், புள்ளைங்க கைதட்டும். நீ பூரிச்சுப் பூடுவ. ஆனா பேசினது யாரு? பொம்மை. பொம்மைக்கு ஏற்கெனவே இங்கிலீஷ் நல்லா வரும் நைனா. அதுக்கு எதுக்கு ட்யூஷன்?

அதே 40 பேர நாலு நாலு பேரா குந்த வையி. பத்து கூட்டம். ஒவ்வொரு புள்ளைக்கும் பத்து நிமிசம் பேச்சு. கரண்டு வேணாம், வைஃபை வேணாம். சத்தம் வரும். வரட்டும். சந்தைக்கடை மாதிரி கீதேன்னு பெரிய வாத்தியாரு எட்டிப் பாப்பாரு. பாத்துட்டுப் போட்டும்.

இது நான் கண்டுபுடிச்சதுன்னு நெனைக்காத. 1979லருந்து 1984 வரைக்கும் என்.எஸ்.பிரபுன்னு ஒருத்தரு பெங்களூர்லயும் மெட்ராஸ்லயும் சாதாரண இஸ்கூலுங்கள்ல ஒரு சோதனை பண்ணாரு. பெங்களூர் புராஜெக்ட்டுன்னு உலகம் முழுக்கப் பேரு. இங்கிலீஷ் வாத்தியாருங்களுக்குப் பாடம் எடுக்கற பெரிய பெரிய ஊருங்கள்ல இன்னிக்கும் அத்தப் படிக்கறாங்க. அவரு கையில இருந்த எந்திரம் இன்னா தெரியுமா? கரும்பலகை, சாக்பீசு. ரயில் டைம் டேபிளு, ஊர் வரைபடம், இப்படி எதையாவது குடுத்து, ஒரு கேள்விக்கு விடை கண்டுபுடிக்கச் சொல்றது. இலக்கணம் நடத்தறதில்ல. விடை தேடற அவசரத்துல மொழி ஒட்டிக்கும்னாரு. நீ ஏலகிரி எக்ஸ்பிரஸ் டைம் டேபிள எடுத்துக்கோ. சென்னையிலருந்து ஜோலார்பேட்டை வரைக்கும் வர்ற வண்டி, காட்பாடி, ஆம்பூர் எல்லாம் நிக்கும். ஆம்பூர்ல அத்தனை மணிக்கு எறங்கினா கடைசி பஸ்சு கெடைக்குமான்னு கேளு. இங்கிலீஷுல சண்டை போடட்டும்.

அதுக்கும் முன்னாடி, 1959ல, 'மெட்ராஸ் ஸ்னோபால்'னு ஒரு பெரிய முயற்சி நடந்துச்சு. 27,000 ஆரம்பப் பள்ளி வாத்தியாருங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கப் பயிற்சி. கொஞ்சம் பேருக்கு மேல கத்துக் குடுக்கறது, அவங்க கீழ கத்துக் குடுக்கறது, இப்படியே உருட்டிக்கினு போறது. இன்னிக்கும் உங்க பயிற்சியெல்லாம் அதே உருட்டல்தானே? மேல டீ, பிஸ்கட்டு, பவர்பாயிண்டு. கீழ வந்து சேரும்போது வெறும் கையெழுத்து.

நம்ம ஊருல இங்கிலீஷுக்கு இன்னா பஞ்சம்? காலையில கம்பெனி வண்டிக்குக் காத்துக்கினு நிக்கற பொம்பளைங்க பேச்சக் கேட்டிருக்கியா? கட்டிங்கு, ஸ்கைவிங்கு, ஸ்டிச்சிங்கு, லாஸ்டிங்கு, ரிஜெக்‌ஷனு, ஷிப்மெண்ட்டு, டார்கெட்டு. நாலாங்கிளாசு தாண்டாத அம்மா வாயில இத்தினி வார்த்தை! அவங்க புள்ளைக்கு நீ போர்டுல ஆப்பிளு காட்டற. ஆப்பிள அது வருசத்துக்கு ரெண்டு தடவை பாக்கும். ஷூ அட்டைப்பெட்டிய தெனமும் பாக்குது. அந்தப் பெட்டி மேல எழுதிக்கீறத என்னிக்காச்சும் வகுப்புக்கு எடுத்துக்கினு போனியா? வேலூருக்குப் போ. சிஎம்சி ஆஸ்பத்திரி எதுத்தாப்புல ஆட்டோக்காரன் பெங்காலி பேசறான். எந்த ஆப்புல கத்துக்கினான்? ஆம்பூர் கடைத்தெருவுல சின்னப் பசங்க தமிழு, உருது, தெலுங்கு மூணுலயும் பேரம் பேசறானுங்க. தப்பாப் பேசினா வெலை ஏறிடும்னு பயம். அந்தப் பயம்தான் அவனுக்கு வாத்தியாரு.

சரி, மெஷினே வேணாங்கறியான்னு மூஞ்சியத் தூக்காத. ஐதராபாத்துல சுகதா மித்ரான்னு ஒரு கல்வி ஆராய்ச்சிக்காரரும் அவரு கூட்டத்தாரும் ஒண்ணு பண்ணாங்க, 2003ல அத்தப் பத்தி எழுதியும் வச்சாங்க. பேசினா எழுத்தாக்கற கம்ப்யூட்டர ஏழைப் புள்ளைங்க முன்னாடி வச்சாங்க. புள்ள ஒண்ணு சொல்லும், கம்ப்யூட்டரு வேற ஒண்ணு எழுதும். புள்ளைக்கு ரோசம் வந்துச்சு. அதுக்குப் புரியற வரைக்கும் நாக்கத் திருப்பித் திருப்பிப் பேசிப் பேசியே உச்சரிப்பு தெளிவாச்சு. கவனிச்சியா? அங்க புள்ள பேசுச்சு, மெஷினு காது குடுத்துச்சு. உன் ஸ்மார்ட் போர்டுல மெஷினு பேசுது, புள்ள காது குடுக்குது. நெல்லுக்குப் போற தண்ணியத் திருப்பி ஆத்துக்கே உட்டா எப்பிடி?

அதே மித்ரா காளிக்குப்பம்னு ஒரு கடலோரக் கிராமத்துல இன்னொண்ணு பண்ணாரு. தமிழ் பேசற புள்ளைங்க, கம்ப்யூட்டருக்குள்ள டிஎன்ஏ பாடம், அதுவும் இங்கிலீஷுல. வாத்தியாரே கெடையாது. கொஞ்ச மாசம் கழிச்சுப் பாத்தா நூத்துக்கு 30 வாங்குதுங்க. அப்பால ஒரு அக்காவக் கூட வச்சாரு. அந்த அக்காவுக்கும் அந்தப் பாடத்துல ஒரு எழுத்துத் தெரியாது. பின்னாடி நின்னுக்கினு, "அட, இது இன்னா? எப்பிடிக் கண்டுபுடிச்ச? எனக்கும் காட்டு"ன்னு கேக்கறதுதான் வேலை. மார்க்கு 50ஐத் தொட்டுச்சு. இதுக்கு மித்ரா வச்ச பேரு 'பாட்டி முறை'. அப்பால சீமைப் பாட்டிங்கள ஸ்கைப்புல குந்த வச்சு நம்மூருப் புள்ளைங்க கிட்ட பேசவும் வச்சாங்க. இத்தினி வயரு, இத்தினி கண்ணாடி, கடைசியில உள்ளார யாரு கீறா பாத்தியா? கெழவி!

இப்ப புதுசா ஏஐ வந்துகீது. உன் பசங்க உசாரு. அந்தக் காலத்துல லீவு லெட்டருன்னா ஊருக்கே ஒரே வரி, 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்'. இப்ப அதே ஜொரத்துக்கு வக்கீல் நோட்டீசு மாதிரி ரெண்டு பக்கம் எழுதிக்கினு வர்றானுங்க. ஜொரம் கீதான்னு கேட்டா "நோ சார்"னு சொல்லக் கூட வரல. எழுதிக் குடுன்னு அவனுங்க அது கிட்ட கேக்கறத நிறுத்து. பேசு, சண்டை போடு, வெலை பேசுன்னு உடு. கூச்சப்படற பொண்ணுக்கு அது தேவலாம். நூறு தடவை தப்பாச் சொன்னாலும் சிரிக்காது. வகுப்புல பையனுங்க சிரிப்பானுங்க, சில வாத்தியாருங்களும் சிரிப்பாங்க.

அதனால மனுவக் கிழிச்சுட்டு வேற எழுது. போர்டு வேணாம். மலிவா பத்து போனு, குரல் பதியற மாதிரி. பத்து ஹெட்போனு. நல்லதா ஒரு யூபிஎஸ் பேட்டரி, மறக்காம. பீரோவுல பூட்டக் கூடாதுன்னு ஒரு வரி சேர்த்துக்கோ. முதலாளி கிட்ட நானே எடுத்துக்கினு போறேன். பேரு எழுத எடம் கம்மியா கீதேன்னு கொஞ்சம் மொகம் சுளிப்பாரு. பேட்டரி மேல எழுதிக்கலாம்னு சொல்லிச் சமாளிக்கறேன்.

ஆமா, ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். வந்ததுலருந்து என் கிட்ட ஒரு வார்த்தை இங்கிலீஷு பேசல நீ. வகுப்புலயும் பாடத்தத் தமிழ்ல சொல்லி, விடைய மட்டும் இங்கிலீஷுல எழுதிப் போடறதாக் கேள்வி. கெழவனுக்குப் புரியாதுங்கறியா? புரியாதுதான். நான் "அட, இது இன்னா?"ன்னு கேட்டுக்கினே இருப்பேன். ம், ஆரம்பி.